எத்தனாலும் நீரும் கலந்தால் குடுவை சுடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் கரைசல்கள் பாடத்துக்கான நீட் குறிப்புகள் வந்திருந்தன. நடுவில் பெட்டி கட்டி ஒரு அட்டவணை. கூறுகளின் தனித்தனி ஆவி அழுத்தங்களை அவற்றின் மோல் பங்கின்படி கூட்டினால் கலவையின் ஆவி அழுத்தம் வரும் என்பது ரௌல்ட் விதி. அதிலிருந்து நேர்விலக்கம் காட்டும் கரைசல் என்றால் ஆவி அழுத்தம் கணக்கைவிட அதிகமாக இருக்கும், கலக்கும்போது வெப்பம் உறிஞ்சப்படும், கன அளவு கூடும். எதிர்விலக்கம் என்றால் மூன்றும் தலைகீழ். நேர்விலக்கத்துக்கு முதல் எடுத்துக்காட்டு, எத்தனாலும் நீரும். அதற்குக் கீழே ஒரு மாதிரிக் கேள்வி: எத்தனாலை நீருடன் கலக்கும்போது என்ன நிகழும்? கொடுத்திருந்த விடை: வெப்பம் உறிஞ்சப்பட்டு, கன அளவு அதிகரிக்கும்.

இரண்டும் தப்பு. அறை வெப்பநிலையில் எத்தனாலையும் நீரையும் எந்த விகிதத்தில் கலந்தாலும் வெப்பம் வெளியேறும், கன அளவு சுருங்கும். ஆவி அழுத்தம் மட்டும் ரௌல்ட் விதி சொல்வதைவிட அதிகம். ஆக, மூன்று வரியில் ஒரு வரிதான் இந்தக் கலவைக்குச் சரி.

நான் நவி மும்பையின் தானே–பேலாப்பூர் சாலையில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இருப்பது செம்பூரில். பேப்பரில் பிழை கண்டுபிடித்துக் கடிதம் போடும் பழக்கம் எனக்கு இல்லை. இதை எழுத வைத்தது என் தங்கை மகள். அம்பாசமுத்திரத்தில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அவளுக்கு அனுப்பியதே நான்தான், படிக்காமல். சாயந்திரம் போன் வந்தது. "பெரியம்மா, ஸ்கூல் லேப்ல நாங்க கலந்தப்ப குடுவை சுட்டுச்சே. இதுல உறிஞ்சும்னு போட்டிருக்கு. பரிட்சைல எதை எழுதறது?" கையில் சுட்டதை நம்புவதா, அச்சில் வந்ததை நம்புவதா என்று ஒரு பிள்ளை கேட்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு ஆறவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முதல் வேலைகளில் ஒன்று ஆல்கஹாலை நீர்த்து வைப்பது. அரை லிட்டர் வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்க்கில் 250 மில்லி சுத்த ஆல்கஹாலை அளந்து ஊற்றி, நீர் சேர்த்துக் கோடு வரை நிரப்ப வேண்டும். நீர் உள்ளே இறங்கும்போது முதலில் தெரிவது கம்பி கம்பியாக நெளிவு. மூடிபோட்டுத் தலைகீழாகத் திருப்பினால் பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பும். ஒரு நிமிடம் குடுவை முழுக்க லேசாக வெளுத்துத் தெரியும். கரைந்திருந்த காற்று வெளியே வருகிறது. குடுவையின் வயிற்றைத் தொட்டால் வெதுவெதுப்பு. இரண்டையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருந்து கலந்தால்கூட ஐந்து டிகிரிக்குக் குறையாமல் ஏறும். அவசரக்காரப் பிள்ளைகள் அந்தச் சூட்டிலேயே கோட்டுக்கு நிரப்பிச் சீட்டு ஒட்டிவிடுவார்கள். ஆறியதும் பார்த்தால் மட்டம் கோட்டுக்குக் கீழே கிடக்கும். அதனால்தான் செய்முறைத் தாளில் "25 டிகிரிக்கு ஆறவிட்டு, பின் கோடு வரை நிரப்பவும்" என்று ஒரு வரி இருக்கும். 250 மில்லி ஆல்கஹால், 250 மில்லி நீர் என்று தனித்தனியாக அளந்து ஒன்றாக ஊற்றினால் 500 வராது. ஆறியபின் 482, 483 என்று நிற்கும். பதினேழு மில்லி எங்கே போனது என்று கேட்காத பிள்ளை இதுவரை வந்ததில்லை. எங்கும் போகவில்லை, மூலக்கூறுகள் ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று நெருங்கி உட்கார்ந்துவிட்டன.

வெப்பத்துக்கும் அளந்த எண் இருக்கிறது. 25 டிகிரியில், மொத்த மூலக்கூறுகளில் ஆறில் ஒரு பங்கு எத்தனாலாக இருக்கும் இடத்தில்தான் அதிகபட்ச வெப்பம் வருகிறது. ஒரு மோல் கலவைக்குச் சுமார் 780 ஜூல். இது தரவுப் புத்தகங்களில் இருக்கும் எண்.

சரி, அப்படியானால் வெப்பம் வெளியேறுகிற கலவை எப்படி நேர்விலக்கம் காட்டும்? பிள்ளைகள் படித்திருப்பது இப்படி: மூலக்கூறுகளுக்கிடையே ஒட்டு அதிகமானால் வெப்பம் வரும், மூலக்கூறு தப்பிப் போகாது, ஆவி அழுத்தம் குறையும். ஒட்டு குறைந்தால் எதிர்ப்பக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் பாதிக் கணக்கு விட்டுப்போகிறது.

ஆவி அழுத்தம் காட்டுவது, ஒரு மூலக்கூறு திரவத்தை விட்டு வெளியேற எவ்வளவு முனைப்பாக இருக்கிறது என்பதை. அதைத் தீர்மானிப்பது கிப்ஸ் கட்டிலா ஆற்றல். அதற்குள் வெப்பமும் இருக்கிறது, என்ட்ரோபியும், அதாவது மூலக்கூறுகளின் ஒழுங்கின்மையின் அளவும், இருக்கிறது. எத்தனாலின் ஒரு முனை நீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். இன்னொரு முனை எத்தில் தொகுதி, அதற்கும் நீருக்கும் ஒட்டாது. அந்த எத்தில் தொகுதியைச் சுற்றி இருக்கும் நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் பிணைப்பை விட்டுவிடாமல் ஒழுங்காக நிற்க வேண்டியிருக்கிறது. பிணைப்பு நன்றாக அமைவதால் வெப்பம் வெளியேறுகிறது. ஒழுங்கு கூடுவதால், இரண்டு திரவம் கலந்தால் சாதாரணமாக வரவேண்டிய என்ட்ரோபி முழுதாக வருவதில்லை. கூட்டிக் கழித்தால் என்ட்ரோபியில் வரும் நட்டம், வெப்பத்தில் வரும் லாபத்தை மிஞ்சிவிடுகிறது. ஆகவே கட்டிலா ஆற்றல், ரௌல்ட் விதிக்கு அப்படியே கட்டுப்படும் நல்லியல்புக் கரைசலைவிட மேலே நிற்கிறது, ஆவி அழுத்தமும் மேலே நிற்கிறது.

இதையே இன்னொரு பக்கமாகப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். அதே எத்தனாலை ஹெக்ஸேனில் ஊற்றுங்கள். இப்போது வெப்பம் உறிஞ்சப்படும், கலவை குளிரும். அங்கேயும் நேர்விலக்கம்தான், அதுவும் பலமாக. நீரில் கலந்தால் சுடுகிறது, ஹெக்ஸேனில் கலந்தால் குளிர்கிறது, இரண்டும் நேர்விலக்கம். சூட்டை வைத்து விலக்கத்தின் குறியைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அட்டவணையை யாரும் வானத்திலிருந்து இறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜோயல் ஹில்டெபிரான்ட் 1929-இல் 'ரெகுலர்' கரைசல் என்று ஒரு வகையை வரையறுத்தார். கலப்பதால் வரும் என்ட்ரோபி நல்லியல்புக் கரைசலில் வருவது போலவே இருக்கும், வெப்ப மாற்றம் மட்டும் பூஜ்யமாக இருக்காது. அந்த வகைக்கு வெப்பத்தின் குறியும் விலக்கத்தின் குறியும் ஒன்றுதான். ஹைட்ரஜன் பிணைப்பு போடாத, உருவத்தில் அதிகம் வேறுபடாத திரவங்களுக்கு இது ஓரளவு பொருந்தும். வழிகாட்டிப் புத்தகங்கள் அந்த வகையின் விதியை எடுத்து எல்லாக் கரைசலுக்கும் பொதுவாக்கி, எடுத்துக்காட்டுக்கு மட்டும் அந்த வகையிலேயே சேராத எத்தனாலையும் நீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டன. ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து இன்னொன்று. தங்கள் மாணவர் பக்கமும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

அட்டவணை நன்றாகவே பொருந்தும் ஜோடிகளும் இருக்கின்றன. போலந்து நாட்டு வேதியியலர் யான் ஸவிட்ஸ்கி 1900-இல் வெளியிட்ட அளவீடுகள் இன்றும் கல்லூரிப் புத்தகங்களில் படமாக வருகின்றன. 35.2 டிகிரியில் கார்பன் டைசல்பைடின் ஆவி அழுத்தம் 512 மில்லிமீட்டர், அசிட்டோனுக்கு 344. இரண்டையும் சம மோல் கலந்தால் ரௌல்ட் கணக்கில் 428 வர வேண்டும். வந்தது அறுநூறுக்கு மேல். தனித்தனியாக இரண்டுக்கும் இருப்பதைவிடவே அதிகம்! அதே வெப்பநிலையில் அசிட்டோனையும் குளோரோஃபார்மையும் சமமாகக் கலந்தால் 319 வர வேண்டிய இடத்தில் 250-ஐ ஒட்டித்தான் வருகிறது. குளோரோஃபார்மின் ஹைட்ரஜன், அசிட்டோனின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. தனித்தனியாக இருந்தபோது இரண்டுக்கும் இந்தப் பிடி கிடையாது. முதல் ஜோடியில் வெப்பம் உறிஞ்சப்படும், கன அளவு கூடும். இரண்டாவதில் வெப்பம் வெளியேறும். பிள்ளைகளுக்கு அட்டவணை கொடுத்தே தீர வேண்டும் என்றால் இவற்றைக் கொடுங்கள். (ஆனால் பள்ளி லேபில் அசிட்டோனையும் குளோரோஃபார்மையும் கலந்து பார்க்கச் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் காரம் (ஆல்கலி) பட்டால் போதும், இரண்டும் வினைபுரிந்து கட்டுக்கடங்காமல் சூடாகும். கழிவு டிரம்மில் இந்த இரண்டையும் ஒன்றாக ஊற்றியவனுக்கு எங்கள் ஆலையில் அன்றைக்கே மெமோ.)

நல்லியல்புக் கரைசல் என்று ஒன்று கடையில் கிடைக்காது. கிரெனோபில் நகரில் பேராசிரியராக இருந்த பிரான்சுவா மாரி ரௌல்ட் 1887-இல் விதியைச் சொன்னபோதே அவர் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் நீர்த்த கரைசல்கள். பென்சீனும் டொலுவீனும் அந்த விதிக்கு மிக நெருக்கமாக வரும், அவ்வளவுதான். கில்பர்ட் லூயிஸ் 1907-இல் ஒரு வழி சொன்னார்: செறிவுக்குப் பதிலாக 'ஆக்டிவிட்டி' என்று ஒரு அளவை வைத்துக்கொண்டால் சூத்திரங்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். செறிவை ஒரு எண்ணால் பெருக்கினால் ஆக்டிவிட்டி வரும். அந்த எண் 1 என்றால் நல்லியல்பு, 1-க்கு மேலே என்றால் நேர்விலக்கம், கீழே என்றால் எதிர்விலக்கம். ரசாயன ஆலையில் இதைத்தான் தினமும் பயன்படுத்துகிறார்கள். வில்சன் சமன்பாடு 1964, என்.ஆர்.டி.எல். சமன்பாடு 1968, எல்லாம் அந்த ஒரு எண்ணைக் கணிக்கும் வழிகள். காய்ச்சி வடிக்கும் கோபுரத்தை வடிவமைக்கிற இன்ஜினியரிடம் போய் "ரௌல்ட் விதி வைத்துக் கணக்குப் போட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது: அதிக விலக்கம் காட்டும் கரைசல்கள் கொதிநிலை மாறாக் கலவை (விகிதம் மாறாமல் ஒரே வெப்பநிலையில் கொதித்து வரும் கலவை) உண்டாக்கும், குறைவாகக் காட்டுபவை உண்டாக்காது. முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதி. மெத்தனாலும் நீரும் நேர்விலக்கம்தான். ஆனால் அவற்றுக்குக் கொதிநிலை மாறாக் கலவை கிடையாது. காய்ச்சி வடித்தே சுத்த மெத்தனால் எடுக்கலாம். பென்சீனும் சைக்ளோஹெக்ஸேனும் நல்லியல்பிலிருந்து கொஞ்சம்தான் விலகுகின்றன. ஆனால் அவை சுமார் 77.5 டிகிரியில் கொதிநிலை மாறாக் கலவையாகின்றன. காரணம் கொதிநிலை இடைவெளி. மெத்தனால் 64.7-இல் கொதிக்கும், நீர் 100-இல். நடுவில் 35 டிகிரி. அந்த விலக்கத்துக்கு இவ்வளவு தூரத்தை இழுத்து மூடப் பலம் இல்லை. பென்சீன் 80.1, சைக்ளோஹெக்ஸேன் 80.7. இங்கே சின்ன விலக்கமே போதும். விலக்கம் எவ்வளவு, கொதிநிலைகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆலையில் காசைக் கொட்டியதையும் பார்த்திருக்கிறேன். மாத்திரைக்கான மருந்தைப் படிகமாக்கிய பிறகு மிஞ்சும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நாங்கள் ஐ.பி.ஏ. என்போம், நீரோடு கலந்து வரும். அதை வடிக்கும் கோபுரத்தில் ஏற்றி வடித்து மறுபடி பயன்படுத்துவோம். ஐ.பி.ஏ. தனியாக 82 டிகிரியில் கொதிக்கும். நீரோடு சேர்ந்தால் 80 டிகிரி சொச்சத்தில், எடையில் சுமார் 88 சதவீதம் ஐ.பி.ஏ., மீதி நீர் என்ற விகிதத்தில் ஒன்றாகவே மேலே வந்துவிடும். அந்த இடத்தில் திரவத்திலும் ஆவியிலும் விகிதம் ஒன்றுதான், பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

புதிதாக ஒரு மேலாளர் வந்தார். 99 சதவீதம் வேண்டும் என்றார். ரிஃப்ளக்ஸை, அதாவது மேலே குளிர்ந்த திரவத்தில் கோபுரத்துக்குள்ளேயே திருப்பி விடும் பங்கை, கூட்டச் சொன்னார். கூட்டினார்கள். நீராவி இரண்டு மடங்கு போனது, டாப் டெம்பரேச்சர் 80-இலேயே நின்றது. மணிக்கொரு தடவை சாம்பிள் பாட்டில் சுடச்சுட ஆய்வகத்துக்கு வரும். இவ்வளவு நீர் இருக்கும் சாம்பிளை நீரின் அளவைப் பார்க்கும் கார்ல் ஃபிஷர் கருவியில் போட்டால் ரீஏஜென்ட் குடித்துத் தீர்த்துவிடும் என்று நாங்கள் முதலில் அடர்த்தியைத்தான் பார்ப்போம். 0.81 சொச்சம். அடுத்த மணிக்கும் 0.81 சொச்சம். கோபுரத்தடியில் நின்ற மராட்டிக்கார ஆபரேட்டர் காகாவுக்குக் கிப்ஸும் தெரியாது, லூயிஸும் தெரியாது. ஆனால் உள்ளே பார்க்கும் கண்ணாடி ஜன்னலான சைட் கிளாஸைக் காட்டி, "இது இதுக்கு மேல ஏறாதும்மா, சைக்ளோஹெக்ஸேன் போடாம ஏறாது" என்றார். அதுதான் சரியான பதில். மூன்றாவதாக ஒரு கரைப்பானைப் போட்டால் அது நீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு இன்னும் குறைந்த வெப்பநிலையில் மேலே போகும். மேலே குளிர்ந்ததும் இரண்டு அடுக்காகப் பிரியும். நீர் அடுக்கைத் தள்ளிவிடலாம். எத்தனாலுக்கு சிட்னி யங் 1902-இல் பென்சீனை வைத்துச் செய்து காட்டிய முறை இதுதான். பென்சீனின் கெடுதல் தெரிந்த பிறகு சைக்ளோஹெக்ஸேன் வந்தது, இப்போது பெரும்பாலும் மாலிக்யூலர் சீவ், நீர் மூலக்கூறுகளை மட்டும் பிடித்துவைக்கும் நுண்துளைப் பொருள். மேலாளர் சில மாதத்தில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். நீராவிக் கணக்கை அக்கவுன்ட்ஸ்காரர்கள் அந்த ஆண்டு முழுக்கப் பேசினார்கள்.

எத்தனாலுக்கும் இதே கதை. எடையில் 95.6 சதவீதம், 78.2 டிகிரி. அதற்கு மேல் சாதாரண அழுத்தத்தில் வெறுமனே வடித்து எடுக்க முடியாது. ஆனால் அழுத்தத்தை நன்றாகக் குறைத்து, சுமார் 70 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே கொண்டுபோனால் அந்தக் கலவையே இல்லாமல் போகிறது. இப்படிப்பட்ட கலவைகள் சேர்மங்கள்தான் என்று ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெவ்வேறு அழுத்தத்தில் கொதிக்கவைத்து, விகிதம் மாறுகிறது என்று 1860 வாக்கில் ஹென்றி ராஸ்கோ காட்டியபிறகு அந்தப் பேச்சு அடங்கியது.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அதே நாள் வாசகர் கடிதப் பகுதியில் முலுண்டிலிருந்து ஒருவர் இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பற்றி எழுதியிருந்தார். எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும், பெட்ரோலைவிட மெதுவாக ஆவியாகும், ஆகவே எத்தனால் கலப்பதால் பெட்ரோல் ஆவியாகிப் போவது குறையும், காற்றுக்கும் நல்லது என்பது அவர் வாதம். 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை அரசு முன்னால் இழுத்து 2025-இலேயே எட்டிவிட்டதாக அறிவித்த பிறகு இது வீட்டுக்கு வீடு பேச்சாகிவிட்டது. கலப்பது நல்லதா கெட்டதா, மைலேஜ் குறைகிறதா, கரும்புக்கு எவ்வளவு நீர் என்ற வழக்கில் நான் நுழையவில்லை. ஆனால் ஆவி விஷயத்தில் அவர் சொல்வது நடப்பதற்கு நேர் எதிர்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பெட்ரோலின் ஆவி அழுத்தம் 38 டிகிரி வாக்கில் 55 கிலோபாஸ்கல் என்று வையுங்கள். எத்தனாலுக்கு அதே வெப்பநிலையில் 16 தான். ஒரு லிட்டரில் 100 மில்லி எத்தனால், 900 மில்லி பெட்ரோல். எத்தனால் 1.71 மோல். பெட்ரோலின் அடர்த்தி 0.74, சராசரி மூலக்கூறு எடை 100 என்று எடுத்தால் 6.66 மோல். ஆக எத்தனாலின் மோல் பின்னம் சுமார் 0.2. ரௌல்ட் விதிப்படி 55-இல் ஐந்தில் நான்கு பங்கு, 16-இல் ஐந்தில் ஒரு பங்கு, மொத்தம் 47. முலுண்ட் வாசகர் சொல்வது இந்த 47-ஐத்தான். நல்லியல்புக் கரைசலாக இருந்தால் அவர் சொல்வது சரி. ஆனால் உண்மையில் 10 சதவீத எத்தனால் கலந்தால் பெட்ரோலின் ஆவி அழுத்தம் சுமார் 7 கிலோபாஸ்கல் கூடுகிறது. 55 என்பது 62 ஆகிறது. கணக்குக்கும் நிஜத்துக்கும் நடுவில் 15 கிலோபாஸ்கல். அமெரிக்காவில் கோடைக்காலப் பெட்ரோலுக்கு ஆவி அழுத்த வரம்பு வைத்து, 10 சதவீத எத்தனால் கலந்ததற்கு மட்டும் ஒரு பி.எஸ்.ஐ. சலுகை கொடுத்தது இதனால்தான், ஒரு பி.எஸ்.ஐ. என்பது ஏறக்குறைய அந்த 7 கிலோபாஸ்கல்.

எத்தனால் மூலக்கூறுகள் தனியாக இருக்கும்போது ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கின்றன. அதனால்தான் சின்ன மூலக்கூறாக இருந்தும் 78 டிகிரி வரை தாங்குகிறது. பெட்ரோலுக்குள் கொஞ்சமாகப் போனால் சுற்றிலும் ஹைட்ரோகார்பன், பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத கல்யாண வீட்டில் மொய்யை எழுதிவிட்டு முதல் பந்தியிலேயே கிளம்புகிறவரைப் போல எத்தனால் மேலே கிளம்பிவிடுகிறது. ஹெக்ஸேன் 68.7-இல் கொதிக்கும், எத்தனால் 78.4-இல், இரண்டும் சேர்ந்தால் 58.7-இலேயே கொதிக்கின்றன. இந்த ஏற்றம் 10 சதவீதத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், அப்புறம் மெல்ல இறங்கும். 20 சதவீதத்திலும் வெறும் பெட்ரோலைவிட மேலேதான். எத்தனால் பெருவாரியாக ஆகும்போதுதான் முலுண்ட் வாசகர் நினைத்தபடி ஆவி அழுத்தம் கீழே போகும். இதெல்லாம் எண்ணெய் நிறுவனங்களுக்குத் தெரியாததல்ல. அடிப்படைப் பெட்ரோலில் பியூட்டேன் போன்ற லேசான பகுதியைக் குறைத்து, கலந்தபிறகு வரம்புக்குள் வரும்படி சரிசெய்ய வழி உண்டு.

எத்தனாலுக்கு நீர்மேல் இருக்கும் ஆசையும் இங்கே வேலை செய்யும். மும்பை மழையில் தரையடித் தொட்டிக்குள் நீர் கசிந்தால், எத்தனால் கலக்காத பெட்ரோலில் அது அடியில் போய்த் தனியாகக் கிடக்கும். 10 சதவீத எத்தனால் இருந்தால் அரை சதவீதம் போல நீரைப் பெட்ரோல் தாங்கிக்கொள்ளும். அதைத் தாண்டினால் நீர் எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே பிரிந்துவிடும். அப்போது அடியில் இருப்பது வெறும் நீர் அல்ல, எத்தனால் கலந்த நீர். நீரில் பார்த்த அதே எத்தனால், பெட்ரோலில் பார்த்த அதே எத்தனால், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று எந்தப் பக்கம் போவது என்று ஆக்டிவிட்டி பார்த்து முடிவெடுக்கிறது. கரைசல் பாடத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு, அதுவும் பிள்ளைகள் தினமும் கடந்துபோகிற பங்க்கிலேயே, வேறு எது இருக்கிறது?

என் தங்கை மகளிடம் சொன்னது இதுதான்: கேள்வியில் எந்தக் கலவை என்று பெயர் போடாமல் பொதுவாகக் கேட்டால், வினாத்தாள் தயாரித்தவர் மனதில் இருப்பது அட்டவணைதான், அதையே எழுது. எத்தனால், நீர் என்று பெயர் போட்டுக் கேட்டால் உன் கையில் சுட்டதை எழுது. இது அவளுக்குப் பிடிக்கவில்லை. "அப்ப ஒரே பாடத்துக்கு ரெண்டு பதிலா?" என்றாள். எனக்கும் பிடிக்கவில்லைதான்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று விஷயம். அட்டவணையை முழுதாக எடுத்துவிட வேண்டாம். நேர்விலக்கத்துக்கு அசிட்டோன், கார்பன் டைசல்பைடு என்றும், எதிர்விலக்கத்துக்கு அசிட்டோன், குளோரோஃபார்ம் என்றும் மாற்றிப் போடுங்கள். எத்தனாலும் நீரும் கீழே தனி வரியில் வரட்டும்: விலக்கம் நேர், வெப்பம் வெளியேறும், கன அளவு குறையும். மாதிரிக் கேள்வியை இப்படித் திருப்பிக் கேளுங்கள்: எத்தனால், நீர்க் கலவை நேர்விலக்கம் காட்டுகிறது; ஆனாலும் கலக்கும்போது வெப்பம் வெளியேறுகிறது, ஏன்? விடையில் என்ட்ரோபி என்ற சொல் வந்தாலே பாதி மதிப்பெண் கொடுக்கலாம். பிள்ளைகள் அந்தப் பெட்டிகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள். திருத்தத்தையும் அதே அளவுப் பெட்டியில் போட்டால் பழையதின் மேலேயே ஒட்டிக்கொள்வார்கள்.

கேள்வியில் 'அறை வெப்பநிலையில்' என்று மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள். கொதிநிலைப் பக்கம் போகப் போக எத்தனால், நீர்க் கலவை சில விகிதங்களில் வெப்பத்தை உறிஞ்சவும் செய்யும். அந்த வார்த்தை இல்லாவிட்டால் என்னைப் போல இன்னொருவர் தங்களுக்குக் கடிதம் போடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டு வேதியியலர்,
செம்பூர், மும்பை.